வட்டத்துக்குள் முப்பத்தொன்று

பில்பாரா, மேற்கு ஆஸ்திரேலியா
9 பிப்ரவரி 1977

அன்புள்ள நோலீனுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் ஆக்சிஜன் சிலிண்டரைச் செவ்வாய்க்கிழமை மாற்ற வேண்டும். வால்வை வலப்பக்கம் திருகினால்தான் மூடும். மூன்று முறை சொல்லிவிட்டேன், இது நான்காவது.

இங்கே வெயில் நாற்பத்து நாலு. இரும்புச் சுரங்கம், எங்கே பார்த்தாலும் சிவப்புத் தூசி. லாரி பழுதானால் நாங்கள் சரிசெய்கிறோம், சரிசெய்ததை அவர்கள் பழுதாக்குகிறார்கள். ஒர்க்‌ஷாப் மட்டும் அருமை. நாலு லேத், நல்ல கிரைண்டர். ஷிஃப்ட் மாலை மூன்றுக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு எனக்கு உன் அப்பாவின் துப்பாக்கிதான்.

வாசலில் அவர் போர்வையில் சுற்றிக் கொடுத்ததை இங்கே வந்துதான் பிரித்தேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். மரம், இரும்பு என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் மேல் கறுப்புப் பெயின்ட். குழலுக்குள் துரு. குண்டை உள்ளே தள்ளும் போல்ட் அசையவில்லை. முன்கட்டையைப் பாதிக்கு மேல் அறுத்துப் போட்டிருக்கிறார்கள், அதுவும் கைரம்பத்தால், கோணலாக. குழலை மூடும் மேல்மரம் இல்லை, முகப்பு இரும்பு இல்லை. தோளில் வைக்கும் பின்கட்டை மட்டும்தான் முழுசாக இருக்கிறது. பட்டாளத்துத் துப்பாக்கியைக் கங்காரு சுடுகிற தடியாக்கி வைத்திருக்கிறார்கள். இந்த வேலையைச் செய்த புண்ணியவான் யார்?

தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிக் கொடுப்பேன். மே மாதத்துக்குள். மாமாவிடம் சொல்.

கல்யாணமானவர்களுக்கு இங்கே ஏ.சி. வைத்த வீடு தருகிறார்கள். எட்டாம் எண் வீடு காலியாக இருக்கிறது. தகவலுக்காகச் சொல்கிறேன்.

நெவில்

லித்கோ, நியூ சவுத் வேல்ஸ்
24 பிப்ரவரி 1977

அன்புள்ள நெவில்,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்குக் காலையில் மூச்சு பரவாயில்லை, பொழுது சாய்ந்தால் இழுக்கிறது. நிலக்கரித் தூசி முப்பது வருஷம் உள்ளே போனது இனி வெளியே வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வால்வு வலப்பக்கம். தெரியும்.

போனில் கூப்பிடாதே. நம் வீட்டுச் சுவர் எவ்வளவு மெலிது என்று உனக்கே தெரியும். நீ கிளம்புவதற்கு முந்தின வாரம் சமையலறையில் நின்று சொன்னாயே, "உங்கப்பா எப்ப சாவார்னு ஒரு தேதி சொல்லிடு, அன்னைக்கு லீவு போட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்"னு. அப்பா சுவருக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருந்தார். விழித்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் காலையில் பரணிலிருந்து துப்பாக்கியை இறக்கச் சொன்னார். "மாப்ளைக்குக் கை சும்மா இருக்காது, இதைக் கொடுத்தனுப்பலாம்" என்றார். மன்னித்துக் கொடுத்தாரா, கோபத்தில் கொடுத்தாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. அதை நல்லபடியாக முடித்துக் கொண்டுவா, நெவில். இப்போதைக்கு எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். எட்டாம் எண் வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

முன்கட்டையை அறுத்த புண்ணியவான் கிளாரி சித்தப்பா. ஐம்பத்தாறில் கங்காரு வேட்டைக்கு என்று இரவல் வாங்கிப் போனார். கனமாக இருக்கிறது என்று அறுத்துவிட்டார். அப்பா அவரோடு பதினோரு வருஷம் பேசவில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கிரேவியைக்கூட என் மூலமாகத்தான் கேட்டார்கள். ஒரு கட்டைக்கா இவ்வளவு என்று ஊரே சிரித்தது.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
நோலீன்

பில்பாரா
6 மார்ச் 1977

அன்புள்ள நோலீனுக்கு,

சௌக்கியம். உங்கள் இருவர் சௌக்கியத்துக்கும் எழுது. நீ எழுதியதைப் படித்தேன்.

வேலை வேகமாகப் போகிறது. போல்ட்டை மூன்று நாள் டீசலில் ஊற வைத்தேன், கழன்றுவிட்டது. இங்கே சட்டப்படி போல்ட்டைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வேண்டும்போது கேட்டு வாங்க வேண்டும். குழலுக்குக் கொதிநீர் ஊற்றி, எண்ணெய் விட்டு, மெல்லிய இரும்பு நாரால் தேய்க்கிறேன். குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகள் பிழைத்திருக்கின்றன.

பின்கட்டை முடிந்தது. பெயின்டைக் கரைத்துவிட்டு உப்புத்தாளால் மூன்று சுற்று இழைத்தேன். அடியில், தோளில் மாட்டும் வார் வளையத்துக்குப் பக்கத்தில், யாரோ ஆணியை வைத்துத் தட்டியது போல வட்டமாக ஒரு பள்ளம், உள்ளே கிறுக்கல். அதையும் சேர்த்து எடுத்துவிட்டேன். ஆளிவிதை எண்ணெய் தடவினால் குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கிறது. என் அறையில் தங்கியிருக்கும் ஸ்லாவ்கோ என்ற வெல்டர் பார்த்துவிட்டு, "பொண்டாட்டிய விட்டுட்டு வந்து கட்டையத் தடவிக்கிட்டு இருக்கியே, உன்னை என்னன்னு சொல்றது?" என்கிறான். அவன் வெல்டிங் அவன் பேச்சைவிட மோசம்.

அடிலெய்டில் ஒருவரிடம் பட்டாளத்துக்கு என்று செய்து பயன்படுத்தாத முன்கட்டை இருக்கிறதாம். எழுதிப் போட்டிருக்கிறேன்.

குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறதா? வாஷர் இடது இழுப்பறையில்.

நெவில்

லித்கோ
20 மார்ச் 1977

அன்புள்ள நெவில்,

நான் நலமாக இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு. ஒரு டப்பாவில் பழக் கேக் அனுப்பியிருக்கிறேன், ஸ்லாவ்கோவுக்கும் கொடு.

உன் கடிதம் வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மரத்தைத் தொட்டுட்டானா?" உன் கடிதத்தில் அளவும் உப்புத்தாளும் வரும் இடங்களை நான் தாண்டிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். "மரம் சுத்தமாயிடுச்சாம்ப்பா, பளபளன்னு இருக்காம்" என்று மட்டும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் ஒரு வார்த்தை இல்லை. மூச்சுக் கோளாறாக இருக்கும் என்று டாக்டரைக் கூப்பிட்டேன். "மூச்செல்லாம் எப்பவும் போலத்தான் இருக்கு" என்று டாக்டரிடம் எரிந்து விழுந்தார்.

என்னவென்று உனக்கு ஏதாவது தெரியுமா?

நோலீன்

பில்பாரா
4 ஏப்ரல் 1977

அன்புள்ள நோலீனுக்கு,

நான் நலம். மாமா இப்போது பேசுகிறாரா? கேக் முழுவதையும் ஸ்லாவ்கோ தின்றுவிட்டான்.

அவர் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இரும்பின் மேலிருந்த பெயின்டை நேற்று எடுத்தேன். கைப்பிடிக்கு முன்னால் தயாரித்த ஆண்டு பொறித்திருக்கிறது: 1944. உன் அப்பா நியூ கினியிலிருந்து மலேரியாவோடு ஊர் திரும்பியது நாற்பத்து மூன்றில். நீயே சொல்லியிருக்கிறாய். ஆக, இந்தத் துப்பாக்கியை அவர் போரில் தூக்கவே இல்லை. பெயின்ட் போனால் ஆண்டு தெரிந்துவிடும் என்று பயந்திருக்கிறார். கிளாரிகூட உன் அப்பா பேரைச் சொல்லி "வில்ஃபோட போர்த் துப்பாக்கி" என்றுதான் சொல்வார். பொய் சொல்லியிருக்கிறார், அல்லது சொல்கிறவர்களைத் திருத்தாமல் விட்டிருக்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்குப் பொய் பிடிக்காது. ஆனாலும் முடித்துக் கொடுப்பேன்.

முன்கட்டை வந்துவிட்டது. இரும்பில் மெழுகுவர்த்திப் புகையைப் படியவிட்டு, மரத்தில் வைத்து எடுத்தால், இடிக்கிற இடத்தில் கரி ஒட்டும். அந்த இடத்தை மட்டும் சீவ வேண்டும். மறுபடி வைக்க வேண்டும். இருபத்தாறு முறை ஆகிவிட்டது. இன்னும் உட்காரவில்லை.

நெவில்

லித்கோ
29 மே 1977

நெவில்,

உன் கடிதம் வந்து ஆறு வாரமாகியும் எழுதவில்லை. அதில் மூன்று வாரம் அப்பா ஆஸ்பத்திரியில். மீதி நாளெல்லாம் உன் கடிதத்தின் மேல் கோபம். இப்போது அப்பா வீட்டில் இருக்கிறார். நான் இருக்கிறேன். நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஆண்டைப் பற்றிக் கேட்டேன். "நான் எப்பவாவது அதைப் போர்ல தூக்கினேன்னு சொன்னேனா? நீங்களாச் சொல்லிக்கிட்டீங்க. எதுத்துப் பேச எனக்கு மூச்சு ஏது?" என்றார். பிறகு இரண்டு நாள், விட்டு விட்டு, மீதியைச் சொன்னார்.

போர்க்காலத்தில் அம்மா இங்கே துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை செய்தாள் என்று உனக்குத் தெரியும். பெட்டி கட்டுகிற வேலை என்று நினைத்திருந்தேன். இல்லை, பரிசோதனை. கேஜ் என்கிற அளவுக்கருவி வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் தனக்குக் கொடுத்த எண்ணை மரத்தில் தட்ட வேண்டும். அம்மாவின் எண் முப்பத்தொன்று, சின்ன வட்டத்துக்குள். நியூ கினியில் இருந்த அப்பாவுக்கு எழுதினாளாம்: "பின்கட்டைக்கு அடியில, வார் வளையத்துக்குப் பக்கத்துல பாரு. நான் தட்டினதுல ஒண்ணாவது உன்கிட்ட வந்து சேராமலா போகும்?" அப்பா கூட இருந்தவர்களின் துப்பாக்கிகளையெல்லாம் சேறு துடைத்துத் துடைத்துப் பார்த்தார். செத்துக் கிடந்தவர்களுடையதைக்கூடப் புரட்டிப் பார்த்தாராம். ஒன்றிலும் இல்லை.

ஐம்பத்திரண்டில் சிட்னியில் பட்டாளம் பழைய துப்பாக்கிகளைத் தள்ளிவிடுகிறது என்று கேள்விப்பட்டு ரயிலேறிப் போனார். ஷெட் முழுக்க அடுக்கியிருந்ததை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். "எல்லாம் ஒரே துப்பாக்கிதான்யா, எதையாவது எடுத்துட்டுக் கிளம்பு" என்று விற்கிறவன் கத்தினானாம். கடை மூடும் நேரத்தில் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது அம்மா, "அதான் என்னையே கட்டிக் கூட்டிட்டு வந்துட்டியே, இதுக்கு வேற சிட்னி வரைக்கும் போனியா, கிறுக்கா?" என்று சிரித்தாளாம். எனக்கு ஐந்து வயதில் அவள் இறந்துபோனாள். பெயின்ட் அடித்தது அப்பாதான், அந்த முத்திரை தேய்ந்துவிடக் கூடாது என்று. அவள் எழுதிய கடிதமெல்லாம் நியூ கினிச் சேற்றில் போய்விட்டது. அவள் கைபட்ட எழுத்து என்று அந்த வட்டம் ஒன்றுதான் மிச்சம்.

இருக்கிறதா, நெவில்? அப்பா கேட்கச் சொல்லவில்லை. கேட்கப் பயப்படுகிறார். நான் கேட்கிறேன்.

நோலீன்

பில்பாரா
3 ஜூலை 1977

அன்புள்ள நோலீனுக்கு,

நான் நலம். மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது சந்தோஷம்.

இருக்கிறது. பின்கட்டையைத் தனியாகக் கழற்றித் துண்டில் சுற்றிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மாமா பார்க்கட்டும். மற்ற பாகமெல்லாம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. முன்கட்டை உட்கார்ந்துவிட்டது.

இங்கே இப்போது குளிர் காலம். எட்டாம் எண் வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்துவிட்டது. மூன்று பிள்ளைகள்.

வேறு ஒன்றும் இல்லை.

நெவில்

லித்கோ
19 ஜூலை 1977

நெவில்,

பார்சல் வந்தது. நாங்கள் இருக்கிறோம்.

அப்பாவைத் தலையணை வைத்து உட்கார வைத்தேன். கட்டையை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார். கண்ணால் பார்க்கவில்லை, கட்டைவிரலால் தேடினார். கிடைத்ததும் விரல் அங்கேயே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அவ இவ்வளவு பலமா அடிக்க மாட்டா" என்றார். டீ ஆறிப்போகும்வரை கட்டையை மடியிலேயே வைத்திருந்தார்.

உன் மார்ச் ஆறாம் தேதிக் கடிதத்தை எடுத்தேன். இந்த முறை எந்த இடத்தையும் தாண்டாமல் படித்தேன். ஆணியை வைத்துத் தட்டியது போல வட்டமாக ஒரு பள்ளம். அதையும் சேர்த்து எடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய்.

இழைத்ததற்காக உன்மேல் கோபம் இல்லை. உனக்குத் தெரியாது. ஆனால், உன்னோடு குடித்தனம் நடத்திய ஐந்து வருஷத்தில் உன் வாய்க்குப் பயந்து எத்தனை பேர் நம் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள் தெரியுமா? அத்தனையையும் ஏன் பொறுத்துக்கொண்டேன் தெரியுமா? நெவில் ஒன்றைச் சொன்னால் அது அப்படித்தான் இருக்கும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தாண்டினேன். உன் கடிதத்தில் அளவுகளைத் தாண்டுவது மாதிரி. இப்போது எதைப் பிடித்துக்கொள்வது?

நோலீன்

பில்பாரா
31 ஜூலை 1977

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? எப்போதும் நோலீனிடம்தான் கேட்பேன், இப்போது உங்களிடமே கேட்கிறேன். இதை அவள் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

முத்திரை நான் அடித்தது. அத்தை அடித்ததை மார்ச் மாதம் உப்புத்தாளால் எடுத்துவிட்டேன். கெட்டுப்போன இடம் என்று நினைத்தேன். கேட்டு எழுதினால் பதில் வர மூன்று வாரமாகும், அதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டேன். மே மாதக் கடிதம் வந்த அன்று ஈரத்துணி போட்டு ஆவி காட்டிப் பார்த்தேன், அமுங்கிய மரம் சில சமயம் எழும்பும். எழும்பவில்லை. ஆழமாக இழைத்திருக்கிறேன்.

அப்புறம் எஃகில் ஒரு அச்சு வெட்டினேன். பழைய மரத்துண்டில் அறுபது தடவை அடித்துப் பழகினேன். அறுபத்தொன்றாவது உங்கள் கட்டையில். நன்றாகத்தான் விழுந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. அச்சைக் கிரைண்டரில் கொடுத்துத் தேய்த்துவிட்டேன்.

சமையலறையில் நான் சொன்னது உங்கள் காதில் விழுந்தது. வேறு அர்த்தத்தில் சொன்னேன் என்று எழுதினால் அது இரண்டாவது பொய். சொன்ன நிமிடத்தில் அதை நினைத்துத்தான் சொன்னேன். நோலீன் என்னோடு வர மாட்டாள் என்று தெரிந்துபோன நிமிடம் அது. உங்கள்மேல் எனக்கு வேறு கோபம் எதுவும் இருந்ததில்லை. நீங்கள் துப்பாக்கியைக் கொடுத்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். முடித்துக் கொடுத்தால் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

துப்பாக்கியை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். செய்கிறேன்.

நெவில்

லித்கோ
14 ஆகஸ்ட் 1977

அன்புள்ள நெவில்,

நான் நலம். அப்பாவுக்கு இப்போது நாள் முழுக்க சிலிண்டர் வேண்டியிருக்கிறது. கிறிஸ்துமஸ் வரை என்று டாக்டர் சொல்லவில்லை, அவர் முகம் சொன்னது.

உன் கடிதத்தைப் படித்தேன். "மறுபடி படி" என்றார். படித்தேன்.

"அறுபது தடவ அடிச்சுப் பாத்தானாமா?"

"ஆமாப்பா."

"கிறுக்குப் பய. உங்கம்மா எனிட் ஒரு நாளைக்கு நானூறு தட்டுவா. கை விட்டுப்போகும்னு மெதுவாத் தட்டுவா. ஆசை வெச்சு அடிச்சிருக்கான், அதான் ஆழமா விழுந்துடுச்சு." சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. கொஞ்சம் அடங்கியதும் கேட்டேன், "கோபமாப்பா?"

"பின்ன இல்லாம? கிளாரிகிட்ட பதினோரு வருஷம் பேசல. இவன்கிட்ட பதினோரு வருஷம் கோச்சுக்க எனக்கு நேரம் எங்க இருக்கு?"

கட்டையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் படுத்திருந்தார். பிறகு சொன்னார்: "அவன் அடிச்ச வட்டத்தை எடுத்துடச் சொல்லு. அது அவ நம்பர் இல்ல. வெறும் மரமாவே இருக்கட்டும். இந்த மரத்தைக் கேஜ் வெச்சுப் பாத்து, சரின்னு அனுப்பினது அவதான? அது போதும்."

"பார்சல்ல அனுப்பிடட்டுமா?"

"அனுப்புறதா? இனிமே இது இந்த வீட்டை விட்டு வெளிய போகாது. வேணும்னா அவன் வரட்டும்."

"வரச் சொல்றீங்களா?"

"வேணும்னான்னு சொன்னேன். காது கேக்கலையா உனக்கு?"

இவ்வளவுதான் அப்பா சொன்னது. நான் சொல்ல வேண்டியதையும் சேர்த்து அவரே சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதே. நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

குழாய் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

நோலீன்

பில்பாரா
26 ஆகஸ்ட் 1977

அன்புள்ள நோலீனுக்கு,

நலம். உங்கள் நலத்தை இனி நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

ஃபோர்மேனிடம் போனேன். "எத்தனை நாள் லீவு?" என்றார். "லீவு இல்ல, வேலைய விடுறேன்" என்றேன். "அனுப்பி வெச்ச கட்டை பொண்டாட்டியக் கூட்டிட்டு வரும்னு பாத்தா, உன்னையில்ல இழுத்துட்டுப் போகுது!" என்று ஸ்லாவ்கோ ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். பிறகு அவனே வந்து என் பெட்டிக்குக் கயிறு கட்டிக் கொடுத்தான்.

நான் அடித்த முத்திரையை எடுக்க இன்னும் கால் மில்லிமீட்டர் மரம் போக வேண்டும். அதற்குப் பிறகு வார் வளையத்தைத் தாங்கும் இரும்பு மரத்தைவிட அந்த அளவுக்குத் துருத்திக்கொண்டு நிற்கும். விவரம் தெரிந்தவன் பார்த்தால் மரத்தை அதிகமாக இழைத்திருக்கிறான், பழைய நிலை இது இல்லை என்பான். அவன் சொல்வது சரி. சொல்லிவிட்டுப் போகட்டும். மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இழைக்கப் போகிறேன். எங்கே நிறுத்துவது என்பதை அவருடைய கட்டைவிரல் சொல்லும். நான் அவசரப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். அவசரப்படுவேன். நீ பக்கத்தில் இருந்தால் "மெதுவா" என்று சொல்வாய்.

ஏழு மாதமாக உனக்கு வெயிலையும் மில்லிமீட்டரையும் எழுதினேன். எழுத வேண்டியது அது இல்லை என்று ஒவ்வொரு முறை உறையை ஒட்டும்போதும் தெரியும். ஆனாலும் ஒட்டிவிடுவேன். இங்கே இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்கிய நாட்கள் உண்டு. ஸ்லாவ்கோ அதைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு தடவை, ஒன்றும் சொல்லாமல் போனான்.

செப்டம்பர் எட்டு, வியாழக்கிழமை, பெர்த்திலிருந்து வரும் வண்டி. லித்கோவில் நாலு நிமிடம்தான் நிற்கும். துணிப்பெட்டி ஒன்று, கருவிப்பெட்டி ஒன்று, துப்பாக்கியின் நீளப்பெட்டி ஒன்று. எனக்கு இரண்டு கைதான் இருக்கிறது. நீ ஸ்டேஷனுக்கு வருவாயா என்று கேட்டு எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க இனி நாள் இல்லை. நடைமேடையில் இறங்கித் தெரிந்துகொள்கிறேன்.

நெவில்